வண்டி மக்கர் பண்ணுதா? முதலில் கப்ளரைப் பாருங்க!

நம் ஸ்டாண்டில் நிற்கிற பைக்குகளில் பல, அப்பாவோ மாமாவோ பத்து வருஷம் ஓட்டி முடித்து நமக்குத் தள்ளிவிட்டவை. பெட்ரோல் இருக்கும், பிளக் நல்லா இருக்கும், பேட்டரியும் புதுசு. ஆனால் மழை பெய்தால் ஹாரன் ஊமை. பள்ளத்தில் இறங்கினால் ஹெட்லைட் கண்ணை மூடிக்கொள்ளும். உடனே ஏதாவது ஒரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். காசு போகும், கோளாறு போகாது. ஏனென்றால் பல சமயம் கோளாறு பாகத்தில் இல்லை. பாகத்துக்குக் கரண்ட் போகிற வழியில், வயரும் வயரும் சேருகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் கப்ளருக்குள் இருக்கிறது.

எங்கள் ஹாஸ்டல் நண்பர் ஒருவரின் வண்டியில் பேட்டரி அடிக்கடி இறங்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் புது பேட்டரி போட்டார்கள். மறுபடி இறங்கியது, ரெகுலேட்டரை மாற்றினார்கள். பரீட்சை ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. பிறகு சீட்டைக் கழற்றிப் பார்த்தால், ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களின் கப்ளர் ஒரு மூலையில் காபித்தூள் நிறத்தில் கருகியிருந்தது. புது ரெகுலேட்டரையும் அதே கருகிய கப்ளரில்தான் சொருகியிருந்தார்கள்!

ஏன் கருகுகிறது? முதல் வருஷத்தில் படித்த ஓம் விதியைக் கொஞ்சம் தூசி தட்டுங்கள். 12 வோல்ட், 60 வாட் பல்பு எடுப்பது 5 ஆம்பியர். பச்சை பிடித்த பின்னில் வெறும் 0.2 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துவிட்டால், அங்கேயே ஏறத்தாழ 1 வோல்ட் விழுந்துவிடும். இழை பல்புக்கு 1 வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்கு போச்சு. சனிக்கிழமை ராத்திரி பைபாஸில் ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கால் பங்கின் அருமை தெரியும். சூட்டையும் பாருங்கள்: ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் 5 வாட். 25 வாட் சால்டரிங் அயனில் ஐந்தில் ஒரு பங்கு சூடு, விரல் நுனி அளவு பிளாஸ்டிக்குக்குள்! சூட்டில் பின்னின் ஸ்பிரிங் பிடி தளரும். தளர்ந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும். ஏறினால் இன்னும் சூடு. 2017 ஏப்ரல் முதல் புது டூவீலர்களில் ஹெட்லைட் பகலிலும் எரிந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டதால், பல்பு வைத்த வண்டிகளில் இந்தப் பின்களுக்கு ஓய்வே கிடையாது.

இதைப் பிடிப்பதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மீட்டரை ஓம்ஸில் வைத்தால் எல்லாம் சரி என்று காட்டும், 0.2 ஓம் என்பது சாதாரண மீட்டரின் லீடு வயருக்குள்ளேயே மறைந்துபோகிற அளவு. லோடு இல்லாமல் வோல்ட் பார்த்தாலும் முழுசாக 12 காட்டும். கரண்டே ஓடாதபோது எங்கே வோல்ட் விழும்? ஆகவே கப்ளரைக் கழற்றாதீர்கள். லைட்டைப் போட்டபடியே, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கப்ளருக்கு இந்தப் பக்கம் ஒரு புரோப், அந்தப் பக்கம் அதே வயரில் இன்னொரு புரோப். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கப்ளர் நல்ல பிள்ளை. அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார். பழைய ஸ்பிளெண்டரில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை, ஏ.சி.யில் எரிகிறது. அங்கே இஞ்சினை ஓடவிட்டு, மீட்டரையும் ஏ.சி.க்கு மாற்றுங்கள்.

தேட வேண்டிய இடங்கள் சிலதான். ஹேண்டில் திரும்புகிற கழுத்து, ஹெட்லைட் டூமின் உட்புறம், தண்ணீர் அடிக்கிற பின் மட்கார்டு, ரெகுலேட்டர் பக்கம். அப்புறம் சேஸிஸில் போல்ட் போட்ட எர்த். பெயிண்டுக்கும் துருவுக்கும் மேலே முடுக்கினால் அது எர்த்தே அல்ல. ஹோண்டா வழி வண்டிகளில் எர்த் வயர் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுஸுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு.

இனி மாற்றுவது. பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள். பழைய கப்ளரைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், சென்னைவாசிகளுக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் இருக்கவே இருக்கு. கடையில் 250, 110 என்பார்கள். பயப்பட வேண்டாம், அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு அகலமுள்ள பின் என்று அர்த்தம், 6.3 மி.மீ., 2.8 மி.மீ. அவ்வளவுதான்.

பின்னைக் கப்ளரிலிருந்து எடுக்க வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னுக்கு ஒரு சின்ன நாக்கு உண்டு, அதுதான் பூட்டு. வயரை ஒரு துளி உள்ளே தள்ளி, வாய்ப்பக்கமிருந்து வாட்ச் ஸ்க்ரூடிரைவரால் நாக்கை அமுக்கினால் தானாகப் பின்னால் வந்துவிடும். புதுப் பின்னில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செம்பைக் கடிக்க வேண்டும், பின் ஜோடி இன்சுலேஷனைப் பிடிக்க வேண்டும். நம் ஆட்கள் அவசரத்தில் இரண்டையும் செம்பின் மேலேயே நசுக்கிவிடுவார்கள். அதிர்வில் இழை இழையாக அறுந்துபோகும். சாதாரணக் கட்டிங் பிளேயர் வேண்டாம், கிரிம்பிங் பிளேயர் வாங்க நாலு பேர் சேர்ந்து காசு போடுங்கள். மேலே சால்டர் ஊற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் குச்சியாக்கிவிடும், குச்சி முடிகிற இடத்தில் ஒடியும். முறுக்கி டேப் சுற்றுகிற வித்தையைப் பற்றி எழுத இந்த மலரில் பக்கம் போதாது!

மூன்று மஞ்சள் வயர்கள் இடம் மாறினாலும் பரவாயில்லை, மூன்றும் ஏ.சி. ஃபேஸ்கள், ரெக்டிஃபையருக்கு எல்லாம் ஒன்றுதான். மற்றவற்றை நிறம் எழுதி வைத்துக்கொண்டே கழற்றுங்கள். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டியென்றால் டெஸ்ட் லாம்ப்பைப் பையிலேயே வையுங்கள். சென்சார் வயரில் அதை வைத்தால் இழுக்கிற கரண்டில் இ.சி.யு. பழுதாகலாம். அந்தக் கப்ளர்களின் ரப்பர் சீலையும் கிழிக்காமல் திரும்ப மாட்டுங்கள். கிழிந்தால் அடுத்த மழைக்கே உள்ளே பச்சை பிடிக்கும்.