சத்திரசிகிச்சைக்கு முன் பிள்ளையின் பயம்: பெற்றோரால் என்ன செய்யலாம்?

பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை என்று திகதி குறித்ததும், பெற்றோராகிய நாம் தமக்குள் மெதுவாகப் பேசத் தொடங்குகிறோம். சொன்னால் பிள்ளை பயந்துவிடும் என்று மறைக்கிறோம். ஆனால் பிள்ளை எமது முகத்தைப் பார்த்தே ஏதோ நடக்கப்போகிறது என்று விளங்கிக்கொள்ளும். காரணம் தெரியாத பயம்தான் பெரிய பயம்.

கடும் பயத்தோடு மயக்கமருந்து பெறும் பிள்ளைகளுக்குப் பின்னர் நோ கூடுதலாக இருப்பதும், சில நாட்களுக்கு நித்திரைக் குழப்பமும் கெட்ட கனவுகளும் வருவதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே பயத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பயம் எங்கிருந்து வருகிறது?

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பெரிய பயம் தாயைப் பிரிவதே. பள்ளி செல்லும் பிள்ளை, நோவை நினைத்தும் இடையில் விழித்துவிடுவேனோ என்றும் பயப்படும். இடம்பெயர்வில் உறவுகளைப் பிரிந்த பிள்ளை, தன்னை மீண்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எண்ணக்கூடும். “குழப்படி செய்தால் டொக்டர் ஊசி போடுவார்” என்று நாம் வெருட்டியிருந்தால், இதைத் தண்டனை என்றே நினைக்கும்.

ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர், தொப்புள் குடலிறக்கத்துக்காக எட்டு நாட்கள் இலண்டன் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம்பிடித்து, அப்படத்தை 1952இல் வெளியிட்டார். தாய் அருகில் தங்க முடியாத அந்நாட்களில் அவள் பட்ட வேதனையைப் படம் காட்டியது. 1959இல் பிரித்தானியாவில் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது.

நாம் செய்யக்கூடியவை

1. உண்மையைச் சொல்லுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஓரிரு நாட்களுக்கு முன்பும், பெரிய பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு முன்பும் சொல்லலாம். “நோகாது” என்று சொல்லவேண்டாம். “கொஞ்சம் நோகும், மருந்து தருவார்கள், இது உன் பிழையால் வந்ததல்ல” என்று சொல்லுங்கள்.

2. மயக்கத்தை விளக்குங்கள். “மருந்தால் நித்திரை வரும். முடியும்வரை உனக்கு ஒன்றும் தெரியாது. வைத்தியர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வார்.”

3. விளையாடிக் காட்டுங்கள். பொம்மைக்குக் கட்டுப் போடுங்கள். கோப்பையை மூக்கில் வைத்து ஊதப் பழக்குங்கள்.

4. இரக்கப்பட்டு ஒளித்து உணவு கொடுக்கவேண்டாம். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக உணவும் மாப்பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன்பும், தாய்ப்பால் 4 மணித்தியாலத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தப்படும். வைத்தியசாலை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். தவறுதலாக ஏதும் கொடுத்திருந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். காய்ச்சல், இருமல் இருந்தாலும் மறைக்கவேண்டாம்.

5. சொல்லாமல் நழுவவேண்டாம். எந்த இடம்வரை கூடச் செல்லலாம் என முன்கூட்டியே கேளுங்கள். “இந்தக் கதவுவரை வருவேன், நீ எழும்பிய பிறகு பார்க்க வருவேன்” என்று சொல்லி, அப்படியே செய்யுங்கள். தாய் மிகவும் கலங்கினால், பிள்ளை நம்பும் அம்மம்மாவோ சித்தியோ கூட நிற்கட்டும்.

மிளகாய்க் கன்றைப் பிடுங்கி நடும்போது வேரோடு சிறிது மண்ணையும் சேர்த்தே எடுக்கிறோம். புதிய இடத்தில் அது வாடாமல் இருக்க அந்த மண் உதவுகிறது. வைத்தியசாலைக்குப் போகும் பிள்ளைக்கு அந்த மண், அம்மாவின் பழைய சேலைத் துண்டும், வீட்டில் வழமையாகச் சொல்லும் செபமும், சொன்ன சொல் தவறாத பெற்றோருமே.