சீட்டு இலவசம், பஸ் எப்போது வரும்?

உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர்களின் பேச்சில் முதலில் அடிபடுவது வீதியும் பஸ்ஸும்தான். வாக்குறுதி கொடுப்பது எளிது. அதற்கான பணம் எங்கிருந்து வரும், பயன் யாரைச் சென்றடையும் என்று வாக்காளர் கேட்பதுதான் அரிது. ஐரோப்பாவில் இரு நகரங்களின் தலைவர்கள் மக்களுக்கு ஒரே வாக்குறுதியை அளித்தார்கள்: "இனி பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை." இரண்டு இடத்திலும் வாக்குறுதி நிறைவேறியது. ஆனால் பலன் ஒன்றாக இருக்கவில்லை. அந்த வேறுபாட்டில் நாட்டுப்புற மக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

தாலின் நகரின் அனுபவம்

எஸ்தோனியா நாட்டின் தலைநகர் தாலின். சனத்தொகை நான்கு இலட்சத்துக்கு மேல். அங்கே மக்கள் மாநகர சபையைத் தெரிவு செய்ய, சபை நகர முதல்வரைத் தெரிவு செய்கிறது. 2012 மார்ச் மாதத்தில், முதல்வர் எட்கர் சாவிசாரின் நிர்வாகம் இலவசப் போக்குவரத்துக் குறித்து நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்காளருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரே வாக்களித்தனர். அவர்களில் நூற்றுக்கு 75 வீதமானோர் ஆம் என்றனர். 2013 ஜனவரி 1 முதல், நகரில் பதிவுபெற்ற குடிமக்கள் அனைவருக்கும் பஸ், டிராம் பயணம் இலவசமாயிற்று. அதே ஆண்டு ஒக்ரோபரில் நடந்த தேர்தலில் முதல்வரின் மத்தியக் கட்சி தன் பெரும்பான்மையைத் தக்கவைத்துக்கொண்டது. தேர்தலைக் குறிவைத்துச் செய்த வேலை என்று எதிர்த்தரப்பினர் குறை கூறினர்.

பணம் எங்கிருந்து வந்தது? எஸ்தோனியாவில் ஒருவர் எந்த ஊரில் பதிவு செய்திருக்கிறாரோ, அவருடைய வருமான வரியில் ஒரு பங்கு அந்த ஊர்ச் சபைக்குச் சேரும். இலவச அட்டை பெறுவதற்காகப் பல்லாயிரம் பேர் தாலினில் பதிவு செய்துகொண்டார்கள். கட்டணத்தால் இழந்த வருமானத்துக்கு அந்த வரி ஈடாயிற்று. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. புதிதாகப் பதிந்தவர்களுள் ஒரு பகுதியினர் அயலூர்ச் சபைகளின் பதிவேட்டிலிருந்து நீங்கியவர்கள். நகரத்தின் வரவு அயலூரின் இழப்பானது.

பயணிகள் கூடினார்களா? ஆய்வாளர்கள் ஓராண்டுக்குப் பின் கணக்கெடுத்தபோது, பொதுப் போக்குவரத்தின் பயன்பாடு நூற்றுக்கு 14 வீதம் உயர்ந்திருந்தது. வருமானம் குறைந்தோரின் நடமாட்டம் மேம்பட்டதற்கான சான்றும் கிடைத்தது. இது சிறிய நன்மை அல்ல. வேலை தேடி அலைபவருக்கு ஒரு நாள் பஸ் காசு பெரிய காசு. ஆனால் கார் ஓட்டிகள் பெருந்தொகையாகப் பஸ்ஸுக்கு மாறவில்லை. முன்பு நடந்து போனவர்களே அதிகமாக பஸ்ஸில் ஏறினார்கள். தாலினில் கட்டணம் முன்னரே குறைவாக இருந்தது. சேவையும் நன்றாக இருந்தது. ஆகவே இலவசத்தால் மாறுவதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

நாட்டுப்புறத்துக்கு வந்தபோது

2018 ஜூலை 1 முதல் எஸ்தோனிய அரசு இதே திட்டத்தை மாவட்ட பஸ்களுக்கும் விரித்தது. பதினைந்து மாவட்டங்களுள் பதினொன்று ஏற்றுக்கொண்டன. இங்கேதான் சிக்கல் வெளிப்பட்டது. 2021இல் அந்நாட்டின் தேசிய கணக்காய்வு அலுவலகம் திட்டத்தை ஆராய்ந்து, மக்களைக் காரிலிருந்து பஸ்ஸுக்கு மாற்றும் நோக்கம் நிறைவேறவில்லை என்று கூறியது. 2024இல் வேலை செய்யும் வயதினரிடம் மீண்டும் கட்டணம் அறவிடத் தொடங்கினர்.

காரணத்தை விளங்கிக்கொள்ள நமக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பஸ் வரும் ஊரில் சீட்டு இலவசமானால் என்ன, பத்து ரூபாவானால் என்ன? கிளினிக்குக்குப் போன தாய் நண்பகலில் திரும்ப வழியில்லை என்றால், அவருடைய குறை கட்டணம் அல்ல, நேர அட்டவணை.

டன்கேர்க்கின் வழி

பிரான்ஸின் வடக்கே உள்ள துறைமுகப் பட்டினம் டன்கேர்க். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து ஏறக்குறைய இரண்டு இலட்சம் மக்கள். உருக்காலைகள் உள்ள தொழிலாளர் பிரதேசம். மூன்றில் இரண்டு பங்குப் பயணங்கள் காரில்தான் நடந்தன. பஸ்கள் பெரும்பாலும் வெறுமையாக ஓடின. 2014இல் பாத்ரிஸ் வெர்கிரியே இலவச பஸ் என்ற வாக்குறுதியுடன் நகர முதல்வரானார்.

அவர் உடனே கட்டணத்தை நீக்கவில்லை. 2015இல் வார இறுதி நாட்களில் மட்டும் இலவசமாக்கிப் பார்த்தார்கள். அதற்கிடையில் பஸ் வழித்தடங்கள் முழுவதும் மாற்றி அமைக்கப்பட்டன. ஐந்து முக்கிய வழிகளில் பகல் வேளையில் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று ஏற்பாடாயிற்று. வீதிகளில் பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் ஆயத்தமான பின்னரே, 2018 செப்டெம்பர் 1 முதல், ஊரவர் வெளியூரவர் என்ற வேறுபாடின்றி எல்லா நாட்களிலும் எல்லோருக்கும் இலவசமாயிற்று.

செலவும் மறைக்கப்படவில்லை. பயணிகள் கொடுத்த கட்டணம் மொத்தச் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதியை நிறுவனங்கள் தம் ஊழியர் சம்பளத்தின் மீது செலுத்தும் போக்குவரத்து வரி ஏற்கெனவே தாங்கிவந்தது. முன்னைய நிர்வாகம் திட்டமிட்டிருந்த பெரிய விளையாட்டரங்கையும் புதிய முதல்வர் கைவிட்டார். எதை விட்டு எதைச் செய்கிறோம் என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது.

முதல் ஆண்டிலேயே பயணிகள் தொகை நூற்றுக்கு 60 வீதத்துக்கு மேல் கூடியது. புதிதாக பஸ் ஏறியோரைக் கேட்டபோது ஏறக்குறைய பாதிப் பேர், முன்பு காரில் போன பயணங்களை இப்போது பஸ்ஸில் செய்வதாகக் கூறினர். 2020 தேர்தலில் வெர்கிரியே முதற் சுற்றிலேயே வென்றார்.

நாம் கேட்க வேண்டியவை

தாலின் சீட்டை மாற்றியது. டன்கேர்க் பஸ்ஸை மாற்றிவிட்டுச் சீட்டை மாற்றியது. பாடம் இதுதான்: முதலில் பஸ் வரவேண்டும், கட்டணம் பற்றிய பேச்சு அதற்குப் பின்.

நமது சபைகளின் நிலை வேறு என்பதையும் மறக்கக்கூடாது. இங்கே பஸ் ஓட்டுவது இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியாரும். மாகாணத்துக்குள் வழி அனுமதி வழங்குவது மாகாண அதிகாரசபை. பிரதேச சபை பஸ் விடுவதாக ஒருவர் வாக்களித்தால், தன் கையில் இல்லாத ஒன்றையே தருகிறார். ஆனால் உள்ளூர் வீதி, மதகு, தெருவிளக்கு, மழைக்கு ஒதுங்கத் தரிப்பிடம் ஆகியவை சபையின் கையில் உண்டு. குண்டும் குழியுமான வீதிக்கு எந்தச் சாரதியும் விரும்பி வரமாட்டார். வீதி சீரானால் பஸ் கேட்கும் உரிமைக்கும் வலு உண்டாகும்.

எனவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் கூடிப் பேசி, வாக்குக் கேட்டு வருவோரிடம் இவற்றைக் கேட்கலாம்:

1. நீங்கள் சொல்லும் வேலை சபையின் அதிகாரத்துக்குள் வருகிறதா? இல்லையெனில் யாரிடம், எப்படிக் கேட்டுப் பெறுவீர்கள்?
2. அதற்கான பணம் எந்த வருமானத்திலிருந்து? அதற்காக எந்த வேலையை நிறுத்துவீர்கள்?
3. கடைசி பஸ் எத்தனை மணிக்கு? மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையும் சந்தை முடிந்து வரும் பெண்ணும் அதைப் பிடிக்க முடியுமா?
4. ஓராண்டுக்குப் பின் செய்தது என்ன என்று எங்கள் கூட்டத்துக்கு வந்து கணக்குச் சொல்வீர்களா?

பதில்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தேர்தல் முடிந்த பின்னரே அந்தக் கொப்பிக்கு வேலை அதிகம்.