வெள்ளைக் குருவி... ஆனா அல்பினோ இல்ல!

காட்டுக்குள்ள ஒரு வெள்ளைப் பறவையைப் பார்த்தா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் பண்ணின கூத்தைச் சொல்றேன், கேளுங்க.

ஜனவரி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவில் வடசேரியில பஸ் பிடிச்சு, அழகியபாண்டியபுரம் பக்கம் இறங்கி, உலக்கை அருவிக்கு நடந்துட்டிருந்தோம். நாலு பேருமே மெக்கானிக்கல். காக்கா, மைனா தாண்டி எந்தப் பறவையும் தெரியாது. திடீர்னு ஓடை ஓரத்துல ஒரு வெள்ளை ரிப்பன் மரத்துக்கு மரம் தாவுச்சு. உடம்பு சின்னது, வால் அதைவிட நீளம்!

"எலே மக்கா, அல்பினோலே!"னு கத்தினது சாட்சாத் நான்தான். போட்டோ எடுத்து, 'அபூர்வ அல்பினோ பறவை'ன்னு இடத்தோட பேரையும் சேர்த்து ஸ்டேட்டஸ் ரெடி. நல்லவேளை, சிக்னல் இல்லை.

ரப்பர் பால் வெட்டிட்டுத் திரும்பின ஒரு பாட்டா எங்களைப் பார்த்துச் சிரிச்சார். "பனிக்காலத்துல வருசா வருசம் வரும் மக்களே. செவப்பா ஒண்ணு திரியுமே, அதுவும் இதே சாதியாக்கும். தலையைப் பாத்தியளா?"

போட்டோவைப் பெருசாக்கினா, தலை கன்னங்கரேல்!

அது அரசவால் ஈப்பிடிப்பான். வேதிவால் குருவின்னும் சொல்வாங்க. பெண்ணும் இளம் ஆணும் செம்பழுப்பு. வளர்ந்த ஆண்கள்ல செம்பழுப்பும் உண்டு, பால் வெள்ளையும் உண்டு. வடக்கே குஞ்சு பொரிச்சுட்டு குளிர்காலத்துல தெற்கே வர்றவங்களும் இதுல இருக்காங்க. மத்தியப் பிரதேசத்தோட மாநிலப் பறவை இதுதான். அங்கே பேரு 'தூத்ராஜ்', அதாவது பால் ராஜா!

சரி, நிஜ அல்பினோன்னா? இறகுக்குக் கறுப்பும் பழுப்பும் தர்றது மெலனின். அல்பினோவுக்கு உடம்புல எங்கேயுமே அது உருவாகாது, கண்ணுல கூட. அதனால கண்ணு சிவப்பாத் தெரியும், பார்வையும் மந்தம். காட்டுல அது ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கிறதே கஷ்டம். 'லூசிஸம்' வேற கதை. நிறமி செல்கள் இறகுக்குப் போய்ச் சேராது, ஆனா கண்ணு வழக்கம்போல கறுப்பாவே இருக்கும். மிருகக்காட்சி சாலையில பார்க்கிற வெள்ளை மயில் இந்த வகைதான். இன்னொண்ணு, நமக்கு நரைக்கிற மாதிரி பறவைக்கும் வயசாக ஆக வெள்ளை இறகு கூடுறது.

இந்தியப் பறவைகளோட நிற மாற்றம் பத்தி வந்த பதிவுகளை 2016-ல ஒரு குழு அலசுச்சு. அனில் மகாபல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹெய்ன் வான் க்ரூவ் எல்லாம் அதுல இருந்தாங்க. 'அல்பினோ'ன்னு பதிவானதுல பெரும்பாலானது அல்பினோவே இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. ஆக, ஏமாந்தது நான் மட்டும் இல்லை!

ஆனா இது வெறும் பேர்க் குழப்பம் இல்லீங்க. 'அபூர்வம்'னு எழுதி இடத்தையும் போட்டா, அடுத்த ஞாயிறு அந்த ஓடையில எத்தனை கேமரா நிக்கும்? கூண்டோட எவனாவது வந்தா? காட்டுப் பறவையைப் பிடிக்கிறது 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனா பறவைக்குச் சட்டம் தெரியாதே!

அதனால, வெள்ளையா ஒண்ணு கண்ணுல பட்டா முதல்ல அதோட கண்ணைப் பாருங்க. அப்புறம் தலை, அலகு, கால். பக்கத்துல ஒரு பாட்டா இருந்தா அவரையும் கேளுங்க. இடத்தை மட்டும் ஊருக்குச் சொல்லாதீங்க.

அந்த போட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. எங்கே எடுத்தேன்னா கேட்கறீங்க? உலக்கை அருவிப் பாதை நீளம் பாஸ்... அதுல எந்த மரம்னு சொல்ல மாட்டேனே!