பெண்களின் மனத்துணிவை அளப்பது எங்ஙனம்?

செகந்தராபாத்தை அடுத்த மெட்டுகுடா, ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் மிகுந்த பகுதி. தெலுங்கு, உருது, தமிழ் ஆகிய மும்மொழிகளும் அங்கே வழங்குகின்றன. அத்தகைய ஓரிடத்தில் களப் பணியாளர் ஒருவர், “குடும்பக் கட்டுப்பாடு பற்றி முடிவு செய்பவர் யார்?” என்று வினவினால், “இருவரும் சேர்ந்துதான்” என்னும் விடை எளிதில் கிடைக்கும். அவ்விடை மெய்யாகவும் இருக்கலாம். ஆயினும், கணவரோ மாமியாரோ மாறுபடும்போது தம் கருத்தை எடுத்துரைக்கும் துணிவு அப்பெண்ணுக்கு உண்டா என்பதை அது புலப்படுத்துவதில்லை.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களுள் 100க்கு 89 பேர், தம் மருத்துவம், பெரும்பொருள் வாங்குதல், பிறந்தகம் செல்லுதல் ஆகிய மூன்றனுள் ஒன்றிலேனும் முடிவெடுப்பதில் பங்கு கொள்வதாகக் கூறினர். அதே ஆய்வில், கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 100க்கு 38 பேர். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ 1000க்கு 3 மட்டுமே. ஆணுக்குரிய அறுவை வயிற்றைத் திறவாமல் செய்யப்படும் எளிய சிகிச்சை. எனினும் அப்பேச்சைத் தொடங்க எத்தனை மனைவியரால் இயன்றது என்பதை இவ்வெண்கள் கூறமாட்டா.

இதற்கு உதவும் கருத்தை உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்டார். ஒரு குறிப்பிட்ட செயலைக் குறிப்பிட்ட சூழ்நிலையில் தம்மால் செய்ய இயலும் என்னும் உறுதியே அளக்கத்தக்கது என்பது அவர் கொள்கை. ஆதலின், “செய்வீர்களா?” என்று கேளாமல், “செய்ய இயலும் என்பதில் எவ்வளவு உறுதி?” என்று கேட்டு, 0 முதல் 100 வரை மதிப்பிடச் செய்தல் வேண்டும். எண் பழகாதவரிடம் பத்துக் கூழாங்கற்களைத் தந்து எடுத்து வைக்கச் சொல்லலாம். முதலில், “அரைக்குடம் நீரைத் தூக்க இயலுமா? நிறைகுடத்தை? இரண்டு நிறைகுடங்களை?” என்று கேட்டுப் பழக்குதல் நன்று.

வினாக்கள் படிப்படியாகக் கடினமாதல் வேண்டும். மருத்துவரிடம் பக்க விளைவுகளைக் கேட்டறிய இயலுமா? கணவரிடம் பேச்சைத் தொடங்க இயலுமா? அவர் மறுத்த பின்னரும் பேச இயலுமா? பணியாளரே ஒரு முறையை வற்புறுத்தினால், வேண்டாம் எனக் கூற இயலுமா? எளிய வினாக்களை மட்டும் கேட்டால் எல்லோரும் 100 என்பர். அளவுகோல் எதையும் பிரித்துக் காட்டாது.

சொல்லிலும் கவனம் தேவை. “நம்பிக்கை உண்டா?” என்று கேட்டால், கணவர்மீது உள்ள நம்பிக்கையைக் கேட்பதாக ஒருவர் பொருள் கொள்ளக்கூடும். எனவே மூன்று மொழிகளிலும் வினாக்களை எழுதி, வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்த்தல் வேண்டும். பெண்ணிடம் தனிமையிலேயே வினவுதல் வேண்டும். இரு வாரங்களுக்குப் பின் சிலரிடம் மீண்டும் கேட்டு, விடைகள் ஒத்துள்ளனவா எனவும் காணலாம்.

வற்புறுத்தல் பற்றிய வினாவை ஒருபோதும் விட்டுவிடலாகாது. 1996இல் மைய அரசு கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. அதன் பின்னரும், 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. பதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுக்கும் துணிவும் ஏற்கும் துணிவைப் போன்றே மதிப்பிடற்பாலது.

குறைந்த மதிப்பெண் பெண்ணின் குறையன்று. கணவரைப் பற்றிய வினாவில் அது குறைந்தால், அப்பெண்ணின் இசைவு பெற்றுக் கணவரிடம் பேசுக. மருத்துவரைப் பற்றிய வினாவில் குறைந்தால், மருத்துவமனையின் நடைமுறையை ஆராய்க.