பழைய மேசைக்கும் கணக்கு உண்டு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். பழைய மேசை நாற்காலிகளைப் புதுக் கட்டடத்தில் பயன்படுத்த முனைவோர் இப்பழமொழியை மறத்தலாகாது. இனாமாகக் கிடைப்பதற்குக் கணக்கு எதற்கு என்று எண்ணுவதே இத்துறையில் நேரும் முதற் பிழை.

மின்சாரம், நீர், மூலப்பொருள் ஆகியவற்றைச் சிக்கனமாகச் செலவிடும் கட்டடமே பசுமைக் கட்டடம் எனப்படும். இதனை மதிப்பிட மலேசியாவில் 2009 ஆம் ஆண்டில் பசுமைக் கட்டடக் குறியீடு தொடங்கப்பெற்றது. பழம்பொருளை மீண்டும் பயன்படுத்துவதற்கும் அதில் புள்ளிகள் உண்டு.

பூச்சோங் வட்டாரத்தில் ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த நிலத்தில் இன்று நகரங்கள் எழுந்துள்ளன. தோட்டப் பள்ளிகள் பலவும் இடம் மாறின. நான் பணியாற்றிய பள்ளியொன்று அவ்வாறு மாறியபோது பழைய மேசைகளை உடன் கொண்டு சென்றோம். ஆனால் அவற்றைச் சேமித்து வைக்கும் இடத்துக்குப் பணம் ஒதுக்கினோமில்லை. மூன்று மாதம் மழையில் கிடந்தவற்றுள் பாதி உளுத்துப் போயின. எண்ணம் நல்லதே, கணக்குத்தான் இல்லை.

அக்கணக்கு எவ்வாறு அமைதல் வேண்டும்? முதலில் ஒவ்வொரு பொருளையும் சோதித்து, அப்படியே பயன்படுவது, பழுது பார்த்தால் பயன்படுவது, பலகைக்கு மட்டும் உதவுவது என மூவகையாகப் பிரித்தெழுதுக. பின் லோரிக் கூலி, சேமிப்பிடம், பூச்சி மருந்து, தச்சர் கூலி ஆகியவற்றைச் சேர்க்க. பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். அதைச் சுரண்டும் தூசி பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யும். ஆதலின் அவ்வேலையைத் தகுந்த பாதுகாப்புடன் செய்யும் செலவும் வேண்டும். இறுதியில் எதிர்பாராச் செலவுக்கு 15 விழுக்காடு ஒதுக்குக.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். புதிய மேசை ஒன்று 200 வெள்ளி எனின் 40 மேசைக்கு 8,000 வெள்ளி. பழைய மேசைகளுக்கு லோரி 600, சேமிப்பு 400, மருந்து 600, பழுது மேசைக்கு 60 வீதம் 2,400; ஆக 4,000. ஒதுக்கீடு 600 சேர, 4,600 வெள்ளி. மிச்சம் 3,400. ஆனால் பழுதுச் செலவு மேசைக்கு 150 ஆயின் மொத்தம் 8,740 வெள்ளியாகும். புதியது வாங்குவதே மலிவு. எனவே தச்சரை அழைத்துக் காட்டிய பின்னரே முடிவு செய்க.

இன்னுமொரு நுட்பம் உண்டு. கைப்பணக் கணக்கு வேறு. மதிப்புக் கணக்கு வேறு. அமெரிக்காவில் தோன்றிய லீட் முறையின் 2009 ஆம் ஆண்டு உட்புற அமைப்புப் பதிப்பு, அறைகலன்களின் மொத்த மதிப்பில் 30 விழுக்காடு பழையதாயின் ஒரு புள்ளி அளித்தது. பழைய பொருளுக்கு ஈடாகப் புதியதன் விலையை மதிப்பாகக் கொள்ளவும் அம்முறை இடம் தந்தது. மேற்கண்ட மேசைகளுடன் 16,000 வெள்ளிக்குப் புதிய பொருள்கள் வாங்கியதாகக் கொள்வோம். பழையவற்றை 8,000 என எழுதினால் 33 விழுக்காடு. 4,600 என எழுதினால் 22 விழுக்காடுதான். சுழியம் என எழுதினாலோ ஒன்றுமே இல்லை! ஆதலின் இரு கணக்கையும் தனித்தனி ஏட்டில் எழுதுதல் நன்று.

நம் பிள்ளைகள் அமரும் நாற்காலிகளுள் பல ரப்பர் மரத்தாலானவை. ஏறத்தாழ 25, 30 ஆண்டு பால் தந்து ஓய்ந்த மரம், முன்னாளில் விறகாயிற்று. இந்நாளில் மருந்தேற்றி உலர்த்தி அறைகலனாக்குகின்றனர். நம் பெற்றோர் விடியலில் எழுந்து சீவிய இனம் அது. கணக்கறியாமல் அதைக் குப்பையில் எறிவதும் தவறு. கணக்கறியாமல் சுமந்து வந்து மழையில் போடுவதும் தவறு. புதுக் கட்டடம் காணும் பள்ளிக் குழுவினர், பழைய மேசைகளை லோரியில் ஏற்றுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்வாராக.