‘ஃப்ரீ ஷாட்’டில் மெத்தனால்: சுற்றுலா விடுதிகளின் மதுவில் என்ன ஆபத்து?

லாவோஸ் நாட்டின் வாங் வியெங், ஆற்றையும் மலையையும் பார்க்க பேக்பேக்கர்கள் குவியும் சின்ன ஊர். 2024 நவம்பரில் அங்கே மது குடித்த 6 வெளிநாட்டுப் பயணிகள் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். இதில் 5 பேர் 30 வயதைக்கூடத் தாண்டாதவர்கள். 19 வயதான 2 ஆஸ்திரேலியப் பெண்களை எல்லை தாண்டி தாய்லாந்து மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. காரணம், மெத்தனால்.

நம் ஊருக்கு இது புதிய பெயர் இல்லை. அதே ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால்தான். அங்கே பாக்கெட் சாராயம், இங்கே பார் கவுன்டர். அவ்வளவுதான் வித்தியாசம்.

மது பாட்டிலுக்குள் இது எப்படி வருகிறது? நாம் குடிக்கும் மதுவில் இருப்பது எத்தனால். மெத்தனால், பெயின்ட், தின்னர் போன்றவற்றுக்கான தொழிற்சாலை ரசாயனம். விலை குறைவு, மதுவுக்கான வரி கிடையாது. சரக்கின் அளவைக் கூட்ட நினைப்பவர்கள் இதைக் கலந்து, பிராண்டட் பாட்டிலில் ஊற்றி விற்றுவிடுகிறார்கள். பாருக்கு வாங்கியவருக்கே இது தெரியாமல் போகலாம். அதனால் ‘பெரிய ரிசார்ட்தானே, பயமில்லை’ என்று இருந்துவிட முடியாது.

‘மோந்து பார்த்தா தெரிஞ்சிடாதா?’ என்று கேட்கலாம். தெரியாது. நிறம், மணம், சுவை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பற்றவைத்து தீயின் நிறத்தைப் பார்ப்பதும் நம்பகமான சோதனை இல்லை.

மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சுமார் 30 மில்லி, அதாவது ஒரு ஷாட் அளவே உயிரைப் பறிக்கலாம். இந்த மாற்றத்துக்கு 12 முதல் 24 மணி நேரம்வரை ஆகலாம் என்பதுதான் பெரிய சிக்கல். மறுநாள் தலைவலி, வாந்தி வந்தால், ‘நேத்து கொஞ்சம் ஓவரா போச்சு’ என்று திரும்பவும் படுத்துவிடுவார்கள். சாதாரண ஹேங்ஓவர் நேரம் போகப்போகக் குறையும். இது கூடிக்கொண்டே போகும். பார்வை மங்குவது, பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோலத் தெரிவது, மூச்சு வாங்குவது எல்லாம் அபாய அறிகுறிகள்.

உடனே மருத்துவமனைக்குப் போனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது, விலைதான் அதிகம். அது கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள் எத்தனாலையே அளவோடு செலுத்துவார்கள். கல்லீரல் என்சைம் எத்தனாலை முதலில் கவனிக்கப் போய்விடும். மெத்தனால் விஷமாக மாறுவது தள்ளிப்போகும். இதை ரூமிலேயே செய்துபார்க்கக் கூடாது, டயாலிசிஸும் தேவைப்படலாம். சின்ன ஊர் மருத்துவமனை என்றால், ‘மெத்தனாலா இருக்குமோ’ என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

குடிப்பவர்கள் வாங் வியெங், பாலி பக்கம் போனால் இலவச ஷாட், பக்கெட் காக்டெயில், லேபிள் இல்லாத உள்ளூர்ச் சரக்கு மூன்றையும் தொடாமல் இருக்கலாம். கண் முன்னால் திறக்கப்படும் பீரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. கூட வந்தவர் மதியம் தாண்டியும் எழவில்லை என்றால், தூங்கட்டும் என்று விடாமல் கதவைத் தட்டுங்கள்.