காற்றுப் புகுந்தால் லாரி ஓடாது!

நாமக்கல்லில் எந்தப் பக்கம் திரும்பினாலும் லாரி நிற்கும். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊர் அது. கோழிப் பண்ணைகளுக்கும் பெயர் போனது.

அங்கே ஒரு லாரி, முட்டை ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் புறப்பட நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புறப்படுமுன் டிரைவர் டீசல் பில்டரை மாற்றினார். பழையதைக் கழற்றினார், புதியதைப் பூட்டினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் கிளம்பியது.

ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. 'டுப்'பென்று நின்றுவிட்டது!

மறுபடியும் சாவியைத் திருப்பினார். 'கர்... கர்...' என்ற சத்தம்தான் வந்தது.

"என்னண்ணே, என்ஜின் போயிடுச்சா?" என்று பதறினார் கிளீனர்.

"என்ஜினுக்கு ஒண்ணும் இல்லே, தம்பி. ஏர் பிடிச்சிருக்கு!"

'ஏர்' என்றால் காற்று. டீசல் போகும் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. இத்தனை பெரிய லாரியை ஒரு காற்றுக் குமிழியா நிறுத்துகிறது? ஆம்!

தீப்பொறி கிடையாது

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் என்ஜினில் அது கிடையாது. உள்ளே காற்றை இறுக்கி அமுக்குகிறார்கள். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுகிறது அல்லவா? அதே சங்கதிதான். ஆனால் இங்கே சூடு 500 டிகிரிக்கு மேல் போகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் என்ற என்ஜினீயர் 1897-ல் ஓட்டிக் காட்டிய வித்தை இது. அவர் பெயரே எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

டீசலைப் பனிபோலப் பீச்சுவது 'இஞ்செக்டர்'. பழைய லாரிகளில் அதன் வாய் திறக்கவே, வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு வேண்டும். குழாய் நிறைய டீசல் இருந்தால் பம்ப் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். நடுவே காற்று இருந்தால்? பம்ப் அமுக்கும், காற்றுக் குமிழி சுருங்கிக் கொடுக்கும். இஞ்செக்டர் வாயைத் திறக்காது!

முதலில் ஒரு நிமிடம் ஓடியது எப்படி? குழாயில் மிச்சமிருந்த டீசலால் ஓடியது. அது தீர்ந்ததும் காலிப் பில்டரின் காற்று வந்து சேர்ந்தது.

கையால் அடிக்க வேண்டும்

இந்த நேரத்தில் பலரும் செய்யும் தவறு, சாவியை விடாமல் திருப்புவது. பாட்டரி இறங்கிவிடும். ஸ்டார்ட்டர் சூடேறிக் கருகும். டீசல்தான் பம்புக்கு எண்ணெய்ப் பசை. அது இல்லாமல் சுற்றினால் பம்பும் தேயும். ஒரு தடவைக்கு 30 விநாடிக்கு மேல் சுற்றக் கூடாது. இடையில் 2 நிமிடமாவது ஓய்வு கொடுக்க வேண்டும்.

டிரைவர் சாவியை எடுத்துவிட்டார். பில்டரின் தலையில் உள்ள சின்னத் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தினார். கைப் பம்பின் குமிழைத் திருகி விடுவித்து மேலும் கீழும் அடித்தார். முதலில் 'புஸ்' என்று காற்று வந்தது. பிறகு சோப்பு நுரை போல டீசல். கை வலித்தது; விடவில்லை. கடைசியில் நுரை இல்லாமல் தெளிந்த டீசல் வந்தது. அது வழியும்போதே திருகாணியை இறுக்கினார். இஞ்செக்டருக்கு டீசல் தள்ளும் பெரிய பம்பின் திருகாணியிலும் இப்படியே செய்தார். வழிந்ததைக் கிளீனர் டப்பாவில் பிடித்துக்கொண்டார்.

"வீட்டு அடிபம்புக்குச் செம்புத் தண்ணி ஊத்தற மாதிரி, பில்டர்லேயே டீசலை ஊத்திப் பூட்டியிருக்கலாமேண்ணே?"

நல்ல கேள்வி! பழைய லாரிகளில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பில்டரின் நடுத் துவாரம், வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் தூசி வடிகட்டாமலே இஞ்செக்டருக்குப் போய்விடும். இந்தக் காலத்து இஞ்செக்டருக்கு, தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குத் தூசியே எமன்! அதனால்தான் புது லாரிகளுக்குப் பில்டரைக் காலியாகவே பூட்டிப் பம்ப் அடிக்கச் சொல்கிறார்கள். சில வண்டிகளில் சாவியைப் பாதி திருப்பினால் மின்சாரப் பம்பே அந்த வேலையைச் செய்கிறது.

உயிருக்கே ஆபத்து!

பழைய லாரியில் இஞ்செக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பதுண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்கு உட்பட்ட புது லாரிகளில் அதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,500 மடங்கையும் தாண்டும். பீச்சும் டீசல் ஊசி போலத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இராது. ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

காற்றை எடுத்தும் மறுபடி வண்டி நின்றால்? பில்டரின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். பழைய வளையம் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புதியதைப் பூட்டியிருப்பார்கள்! டாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கத்தில் இப்படி இடுக்கு இருந்தால் ஒரு சொட்டும் ஒழுகாது. காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

டிரைவர் கைப் பம்பின் குமிழை மறுபடி திருகிப் பூட்டினார். சாவியைத் திருப்பினார். என்ஜின் இரண்டு முறை இருமியது. வெள்ளைப் புகை கக்கியது. பிறகு சீராக ஓடத் தொடங்கியது. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். அதற்குள் கிளீனர் பில்டரைத் துணியால் துடைத்து, ஈரம் கசிகிறதா என்று தடவிப் பார்த்தார்.

"காய்ஞ்சிருக்குண்ணே, போகலாம்!"